பார்ட்னர்ஷிப் போடுவதற்கு முன்னும் பின்னும்: வண்ணாரப்பேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் கணக்கு எழுதுகிறவன், ஜி.எஸ்.டி., வருமான வரி ரிட்டர்ன், வங்கிக் கடனுக்குக் கேட்கும் காகிதங்கள், இதுதான் பிழைப்பு. எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்கள், காசிமேட்டு லாஞ்சு (விசைப்படகு) ஓனர்கள், சௌகார்பேட்டையில் சரக்கெடுத்துத் திருவொற்றியூரில் விற்கிறவர்கள் என்று வருகிற ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகம் மட்டும் மாறுவதே இல்லை. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. "சட்டம்" என்று நான் சொல்லும் இடங்களில், வேறு பெயர் சொல்லாத வரை, 1932-ம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் கோர்ட் வாசல் வரை வந்துவிட்டால் என்னை விட்டுவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

பார்ட்னர்ஷிப்னா என்னண்ணே? ரெண்டு பேர் சேர்ந்து காசு போட்டா அது பார்ட்னர்ஷிப்தானே?

காசு போடுவது மட்டும் போதாது. ஒரு தொழில் இருக்க வேண்டும், அதன் லாபத்தைப் பகிர்ந்துகொள்வதாகப் பேசியிருக்க வேண்டும், அந்தத் தொழிலை எல்லோரும் சேர்ந்தோ, எல்லோருக்காகவும் ஒருவரோ நடத்த வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் உயிர். உங்கள் பார்ட்னர் கடைக்காகச் செய்வது நீங்களே செய்தது மாதிரி, நீங்கள் செய்வது அவர் செய்தது மாதிரி. அண்ணன் தம்பி சேர்ந்து கொருக்குப்பேட்டையில் ஒரு வீடு வாங்கி வாடகையைப் பிரித்துக்கொள்கிறார்கள் என்றால் அவர்கள் கூட்டுச் சொந்தக்காரர்கள், அவ்வளவுதான்.

குறைந்தது 2 பேர், அதிகபட்சம் 50 பேர். கம்பெனி மாதிரி இது சட்டத்தின் கண்ணில் தனி ஆள் கிடையாது. பார்ட்னர்கள் எல்லோருக்கும் சேர்த்து வைத்த ஒரு பெயர். வருமான வரிக்கு மட்டும் தனி ஆளாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் தனி பான் கார்டு உண்டு. நம் ஊரில் பார்ட்னரைப் "பங்காளி" என்றும் சொல்வார்கள். பங்காளி என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சண்டை என்ற சொல்லும் ஏன் நிற்கிறது என்பது கீழே போகப் போகப் புரியும்.

எழுத்துல இருந்தே ஆகணுமா? நாங்க சின்ன வயசுலேர்ந்து ஃப்ரெண்ட்ஸு.

வாய்ப்பேச்சிலேயே பார்ட்னர்ஷிப் செல்லும். ஆனால் வங்கிக் கணக்கு, பான், ஜி.எஸ்.டி. எதுவும் வாய்ப்பேச்சில் கிடைக்காது, எல்லோரும் டீடை, அதாவது பார்ட்னர்ஷிப் ஒப்பந்தப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒரு முறை இரண்டு பேர் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன் பின்பக்கத்தில் "லாபம் பாதி பாதி" என்று நீல மையில் எழுதி, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் டீடுக்கு வேண்டியது உரிய மதிப்புள்ள முத்திரைத்தாள், ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை. முத்திரைக் கட்டணம் குறைந்த காகிதத்தைக் கோர்ட் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. எடுக்க வைக்க வேண்டுமென்றால் குறைந்த தொகையையும் அதில் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்ட வேண்டிவரும். கட்டணத்தை அரசு அவ்வப்போது உயர்த்துகிறது, அதனால் பழைய டீடைப் பார்த்து அதே மதிப்புக்குத் தாள் வாங்காமல் அன்றைய ரேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

நான் எட்டு லட்சம் போட்டேன், அவன் ரெண்டு லட்சம்தான். லாபத்துல எனக்குத்தானே ஜாஸ்தி வரணும்?

நியாயப்படி வரணும். ஆனால் அப்படிப் பேசி எழுதியிருக்கிறீர்களா? இல்லை என்றால் சட்டம் சொல்வது சரிசமம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று அது பார்க்காது. லாபமும் பாதி, நஷ்டமும் பாதி. இதைச் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருக்கிற முகம் மாறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இதே கணக்கில் இன்னும் சில உண்டு. காலை எட்டு மணிக்கு ஷட்டர் தூக்கி இரவு பத்துக்கு இறக்குகிற பார்ட்னருக்கு, எழுதி வைக்காவிட்டால், சம்பளம் என்று கேட்க உரிமையில்லை. போட்ட முதலுக்கு வட்டியும் கிடையாது. முதலுக்கு மேல் கடைக்காகக் கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு மட்டும் வருடத்துக்கு 6 சதவீதம் உண்டு. ஆக, நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தையெல்லாம் சட்டம் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும்.

டீடுல என்னென்ன எழுதணும்? நெட்ல இருந்து ஒரு மாடல் எடுத்து பேர மட்டும் மாத்திக்கவா?

எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் படித்துப் பார்த்து எடுங்கள். பாரிமுனையில் டைப் அடித்துக் கொடுக்கிற இடத்தில் கிடைக்கும் மாடலும் அதேதான். பெயர், விலாசம், தொழில், தொடங்கும் தேதி, முதல், லாப நஷ்டப் பங்கு, சம்பளம், வட்டி, வங்கியில் யார் கையெழுத்து, இதெல்லாம் எல்லா மாடலிலும் இருக்கும். சண்டை வருகிற இடங்கள்தான் இருக்காது.

கடை அட்வான்ஸ் யாருடையது? இதை முதலில் எழுதுங்கள். எம்.சி. ரோட்டுப் பக்கம் அட்வான்ஸ் தொகை சில சமயம் உள்ளே இருக்கிற சரக்கைவிடப் பெரிது, வாடகை ஒப்பந்தமோ ஒரு பார்ட்னர் பெயரில் இருக்கும். கடையைப் பிரிக்கும்போது "அது என் அப்பா கொடுத்த அட்வான்ஸ்" என்று ஆரம்பிக்கும். அப்புறம் மாதா மாதம் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் பணத்துக்கு உச்சவரம்பு, எவ்வளவு தொகைக்கு மேல் கடன் வாங்க இருவர் சம்மதமும் வேண்டும், விலகினால் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது, கடைப் பெயர் யாருக்கு, ஒருவர் இறந்தால் என்ன. தகராறு வந்தால் மத்தியஸ்தருக்குப் போவதாக ஒரு வரி சேர்த்தால் 1996-ம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டப்படி அது செல்லும். மத்தியஸ்தர் யார் என்று இப்போதே பேசிவிடுங்கள், அப்போது பேச மனசு வராது.

கடைக்கு "ராயல்"னு பேர் வைக்கிறோம். அதுல ஒண்ணும் பிரச்சினை இல்லல்ல?

பிரியாணிக் கடை வைக்கிற பாதிப் பேருக்கு இந்தப் பெயர்தான் தோன்றுகிறது. சட்டத்தின் 58-வது பிரிவில் ஒரு பட்டியல் உண்டு: கிரவுன், எம்பரர், எம்பயர், இம்பீரியல், கிங், குவீன், ராயல். வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம், இன்னும் அப்படியே இருக்கிறது. மாநில அரசு எழுத்தில் சம்மதித்தால் ஒழிய இந்தச் சொற்களும், அரசாங்கத்தின் ஆதரவு இருப்பதுபோல் காட்டும் சொற்களும் கூட்டு நிறுவனப் பெயரில் வரக்கூடாது. ஊர் முழுக்க போர்டு தொங்குகிறதே என்று கேட்காதீர்கள், தனி ஆள் நடத்தும் கடைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ரிஜிஸ்டர் பண்ணணுமா? கட்டாயம் இல்லைன்னு சொல்றாங்களே.

கட்டாயம் இல்லைதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரொம்ப வருடம் முன்னால் தண்டையார்பேட்டையில் ஒரு நண்பனோடு சேர்ந்து ஜெராக்ஸ், டி.டி.பி., கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை போட்டேன். டீடு ஒழுங்காக எழுதினோம், பதிவு செய்யவில்லை. ஒரு வாடிக்கையாளர் நோட்டீஸும் பில் புத்தகமுமாக அடித்துக்கொண்டு ஒரு லட்சத்து எண்பதாயிரம் பாக்கி வைத்தார். பில், டெலிவரி சலான், அவர் கையெழுத்து, எல்லாம் பக்காவாக வைத்திருந்தோம். ஃபைலைப் புரட்டிய வக்கீல் கேட்ட முதல் கேள்வி "ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா?"

69-வது பிரிவு சொல்வது இதுதான்: பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி தனக்கு வர வேண்டியதைக் கேட்டு வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. ஒரு பார்ட்னர் இன்னொரு பார்ட்னர் மேலோ, நிறுவனத்தின் மேலோ ஒப்பந்த உரிமையை வைத்துப் போடவும் முடியாது. வெளியாள் உங்கள் மேல் தாராளமாகப் போடலாம். தொழிலையே கலைக்க, கலைத்த பிறகு கணக்குக் கேட்க மட்டும் பதிவு தேவையில்லை.

பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பம் போடலாம். நம் பகுதிக்கு வட சென்னை மாவட்டப் பதிவாளர். நிறுவனப் பெயர், தொழில் நடக்கும் இடங்கள், ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, முழுப் பெயர், நிரந்தர விலாசம், எத்தனை காலத்துக்கு என்பது, இவற்றில் எல்லாப் பார்ட்னர்களும் கையெழுத்திட வேண்டும்.

சரி, பாக்கி மாட்டுனா அப்ப ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்ல?

பண்ணலாம். வழக்குப் போடுவதற்கு முன்னால் பதிவு முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வழக்கைப் போட்டுவிட்டுப் பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் அந்த வழக்கு பிழைக்காது, திரும்ப முதலிலிருந்து போட வேண்டும். அதற்குள் சரக்குப் பணத்துக்கான 3 வருடக் கெடு ஓடிவிடும். எங்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரம் அப்படித்தான் போனது.

பதிவு செய்தவர்களும் ஒரு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். பிறகு சேர்ந்த பார்ட்னரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. வழக்குப் போடும் நாளில் பார்ட்னர்களாக இருப்பவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எதிர்த் தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம்.

நாங்க மூணு பேர் சேர்ந்து லாஞ்சு வாங்கியிருக்கோம், காசிமேட்டுல நிக்குது. அது பார்ட்னர்ஷிப்பா?

எனக்குப் பிடித்த கேள்வி. படகை மூன்று பேர் சேர்ந்து வாங்கியது மட்டும் பார்ட்னர்ஷிப் ஆகாது, முதல் கேள்வியில் சொன்ன வீடு மாதிரிதான். சொத்தில் கூட்டு உரிமை உள்ளவர்கள் அதிலிருந்து வரும் மொத்த வரவைப் பிரித்துக்கொள்வதாலேயே பார்ட்னர்களாகிவிட மாட்டார்கள் என்று 6-வது பிரிவு சொல்கிறது. மூன்று பேரும் படகை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டு மாதா மாதம் பிரித்துக்கொண்டால் நீங்கள் கூட்டுச் சொந்தக்காரர்கள். ஆனால் நீங்களே தொழில் செய்கிறீர்கள், டீசல், ஐஸ், ரேஷன் உங்கள் செலவு, மீனை ஏலம் விட்டு வந்த பணத்தில் செலவைக் கழித்து மிச்சத்தைப் பிரிக்கிறீர்கள், நஷ்டம் வந்தாலும் மூவர் தலையில், ஒருத்தர் ஐஸ் கடையில் கடன் சொன்னால் மற்ற இருவரும் அதை ஒத்துக்கொள்கிறார்கள் என்றால், காகிதத்தில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பார்ட்னர்ஷிப்தான்.

அடுத்து, படகில் போகிற ஆட்கள். அவர்களுக்கும் சம்பளமாகக் கொடுக்காமல் வரவில் பங்குதானே கொடுக்கிறோம், அவர்களும் பார்ட்னர்களா என்று ஒரு ஓனர் பதற்றமாகக் கேட்டார். இல்லை. வேலை செய்கிறவருக்குக் கூலியாக லாபத்தில் பங்கு கொடுத்தால் அவர் அதனாலேயே பார்ட்னர் ஆகிவிடுவதில்லை. லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவருக்கும் இதே விதி. உண்மையில் யார் யாருக்காக நடந்துகொள்கிறார்கள் என்பதைத்தான் கோர்ட் பார்க்கும்.

என் பேர்ல இருக்கிற கடையில மச்சானைச் சேக்கணும். அதே ஜி.எஸ்.டி. நம்பர் ஓடும்ல?

ஓடாது. தனி ஆளாக இருந்தபோது உங்கள் பான் எண்ணில் வாங்கிய நம்பர் அது. பார்ட்னர்ஷிப்புக்குப் புது பான், அதன் மேல் புது ஜி.எஸ்.டி. பதிவு, புது வங்கிக் கணக்கு. பழைய நம்பரில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கட்டி வரவில் வைத்திருக்கும் ஜி.எஸ்.டி.) புது நம்பருக்கு மாற்றத் தனிப் படிவம் இருக்கிறது, அதற்கு முன் பழைய நம்பரை ரத்து செய்து தொலைக்காதீர்கள். மச்சானிடம் மூன்றாவது கேள்வியைப் படிக்கக் கொடுங்கள்.

நாங்க எடுத்துக்கிற சம்பளத்துக்கும் டாக்ஸ், கடை லாபத்துக்கும் டாக்ஸா?

கடை லாபத்துக்கு நேராக 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். ஒரு கோடிக்கு மேல் வருமானம் என்றால் சர்சார்ஜும் சேரும். தனி ஆளுக்கு இருக்கிற வரம்பெல்லாம் இங்கே இல்லை, நஷ்டம் என்றாலும் ரிட்டர்ன் போட வேண்டும். வரி போக மிச்சத்தில் உங்கள் பங்குக்கு மறுபடி வரி கிடையாது.

சம்பளமும் முதலுக்கு வட்டியும் டீடில் இருந்தால் மட்டும், லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். அந்தத் தொகைக்கு நீங்கள் உங்கள் ரிட்டர்னில் வரி கட்டுவீர்கள். வட்டி 12 சதவீதம் வரை. சம்பளம் உழைக்கும் பார்ட்னருக்கு மட்டும்: கணக்குப்படியான லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு, 3 லட்சம் அல்லது 90 சதவீதம், எது அதிகமோ அது, அதற்கு மேல் உள்ள லாபத்தில் 60 சதவீதம் வரை கழிக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு பார்ட்னருக்கு வருடத்தில் சம்பளம், வட்டி எல்லாம் சேர்ந்து 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் கொடுக்கும்போதே 10 சதவீத வரியை (டி.டி.எஸ்.) பிடிக்க வேண்டும். இது பாதிப் பேருக்கு இன்னும் தெரியவில்லை.

நான் சும்மா காசு போட்ட ஸ்லீப்பிங் பார்ட்னர். அவன் எனக்குத் தெரியாம கடன் வாங்கிட்டான், என்கிட்ட கேக்குறாங்க. கொடுக்கணுமா?

தூங்கினாலும் பார்ட்னர் பார்ட்னர்தான். கடை வழக்கமாகச் செய்கிற காரியத்துக்காக அவர் வாங்கிய சரக்கும் கடனும் எல்லோரையும் கட்டும், கடன்காரர் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம், உங்கள் பங்கு 20 சதவீதம் என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம். கொடுத்துவிட்டுப் பார்ட்னரிடம் வசூலிப்பது உங்கள் பாடு. வியாபாரத்தில் போட்ட பணத்தோடு போகாது, வீடும் நகையும் சேர்ந்து நிற்கும்.

"அவர் தனியாகக் கடன் வாங்கக்கூடாது" என்று டீடில் எழுதியிருந்தாலும், அது கடன் கொடுத்தவருக்குத் தெரியாது என்றால் அவரைத் தடுக்காது. பார்ட்னரிடம் நஷ்டம் கேட்க மட்டும் உதவும். ஆனால் சில காரியங்களை ஒரு பார்ட்னர் தானாகச் செய்ய முடியாது: கடைக்காக நிலம் வாங்குவது, கடை நிலத்தை விற்பது, வர வேண்டிய பாக்கியை விட்டுக்கொடுத்துச் சமரசம் செய்வது, கடைக் கணக்கைத் தன் சொந்தப் பெயரில் வங்கியில் திறப்பது. ஜி.எஸ்.டி. பாக்கிக்கும் எல்லாப் பார்ட்னரும் பொறுப்பு.

அப்ப எல்.எல்.பி. போட்டுடலாமா?

எல்.எல்.பி. என்றால் லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப், பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு. 2008-ம் ஆண்டுச் சட்டப்படி வருவது அது. உங்கள் பொறுப்பு பொதுவாக நீங்கள் போட்ட பணத்தோடு நிற்கும், நிறுவனம் தனி ஆளாகவே இருக்கும். பதிலுக்கு ஒவ்வொரு வருடமும் கம்பெனிப் பதிவாளரிடம் கணக்கு போட வேண்டும், வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும். பெரிய கடன் வாங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மாலை நேர பஜ்ஜிக் கடைக்கு வேண்டாம்.

மூணு பேர்ல ரெண்டு பேர் ஒண்ணு சேந்து மூணாவது ஆளை வெளியே அனுப்பலாமா?

பெரும்பான்மை வைத்துக்கொண்டு அனுப்ப முடியாது. டீடில் அந்த அதிகாரம் எழுதியிருக்க வேண்டும், அதையும் நல்லெண்ணத்தோடு பயன்படுத்த வேண்டும். அன்றாட விஷயங்களுக்குத்தான் பெரும்பான்மை. துணிக்கடையை ஹோட்டலாக மாற்றவோ புதிதாக ஒருவரைச் சேர்க்கவோ டீடில் வேறு மாதிரி இல்லாவிட்டால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையும் அந்த மூன்றாவது ஆளுக்கு உண்டு, சாவியை மாற்றிப் பயனில்லை.

கால அளவு எதுவும் எழுதாத பார்ட்னர்ஷிப் என்றால், யாராவது ஒருவர் எல்லோருக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாலே மொத்தத்தையும் கலைத்துவிடலாம். கலைத்த பிறகு முதலில் வெளிக் கடன், அடுத்து பார்ட்னர் கைமாற்று, அப்புறம் முதல், மிச்சம் இருந்தால் லாபப் பங்கு.

நான் விலகி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் என்னைக் கூப்பிட்டு பணம் கேக்குறாங்களே?

விலகியதை ஊருக்குச் சொன்னீர்களா? அதாவது அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம், பதிவான நிறுவனம் என்றால் பதிவாளருக்கும் தகவல். இது நடக்கும் வரை, உங்களைப் பார்ட்னர் என்று நம்பிக் கொடுக்கிறவர்களிடம் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். ஜி.எஸ்.டி. அதிகாரிக்கும் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தகவல் போய்ச் சேரும் நாள் வரையான வரிக்குப் பொறுப்பு தொடரும். விலகுவதற்கு முன் ஏற்பட்ட கடன்கள் வேறு கணக்கு. கடன்காரரும் ஒத்துக்கொண்டு உங்களை விடுவித்தால்தான் விடுதலை.

விலகுனவன் எதிர்லயே கடை போட்டுட்டான். நிறுத்த முடியுமா?

கடை போடுவதை நிறுத்த முடியாது. உங்கள் கடைப் பெயரைப் போடக்கூடாது, இன்னும் அங்கே பார்ட்னர்தான் என்று காட்டிக்கொள்ளக்கூடாது, அவர் விலகும் முன் உங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்த வாடிக்கையாளரைத் தேடிப்போய் இழுக்கக்கூடாது. இத்தனை வருடம், இந்த ஏரியாவுக்குள் கூடாது என்று டீடில் எழுதியிருந்தால், அது நியாயமான அளவில் இருக்கும்வரை செல்லும். வாடிக்கையாளர் தானாகத் தெருவைத் தாண்டிப் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

பையன் பேரை இப்பவே சேத்துடலாமா? பன்னெண்டாவது படிக்கிறான்.

18 ஆகாதவர் பார்ட்னராக முடியாது. எல்லோரும் சம்மதித்தால் லாபத்தில் பங்கு மட்டும் கொடுக்கலாம். கடன் வந்தால் அவன் பங்கோடு நிற்கும். 18 ஆனதும் 6 மாதத்துக்குள் இருக்கிறேனா இல்லையா என்று பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால் முழுப் பார்ட்னர் ஆகிவிடுவான், அதுவும் முதன்முதலில் சேர்த்த நாளிலிருந்து உள்ள கடன்களுக்கும் சேர்த்து. பொதுத்தேர்வு, காலேஜ் அட்மிஷன் பரபரப்பில் அந்த ஆறு மாதம் போவதே தெரியாது.

அவர் போயிட்டார் சார். கடையில ரெண்டு பேர்தான் பார்ட்னர். "ஒருவர் இறந்தாலும் தொழில் தொடரும்"னு டீடுல இருக்கு. அவர் இடத்துல நான் உக்காரலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா கையில் டீடை மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். மூன்று பேர் இருந்து ஒருவர் போனால் அந்த வரி வேலை செய்யும், மிச்ச இரண்டு பேரும் தொடரலாம். இரண்டே பேர் இருந்தால் மிச்சம் ஒருவர். ஒருவரோடு ஒருவருக்குப் பார்ட்னர்ஷிப் கிடையாது, அதனால் அந்த நாளோடு பழைய நிறுவனம் கலைந்துவிடுகிறது. உச்ச நீதிமன்றம் 1965-லேயே ஒரு சர்க்கரை ஆலை வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. அவர் இடத்தில் நீங்கள் தானாக உட்கார முடியாது, உயிரோடு இருக்கும் பார்ட்னரும் நீங்களும் சம்மதித்துப் புதிதாக ஒரு டீடு போட வேண்டும்.

வேண்டாம் என்றால் கணவருடைய பங்கைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். கணக்கைத் தீர்க்காமலே அவர் கடையை நடத்திக்கொண்டிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உங்கள் பணத்தை வைத்து வந்த லாபத்தில் பங்கோ, அந்தப் பணத்துக்கு வருடம் 6 சதவீத வட்டியோ, எது லாபமோ அதைக் கேட்கலாம். கணவர் இறந்த பிறகு கடை வாங்கிய கடனுக்கு அவர் சொத்து பொறுப்பில்லை, அதற்கு விளம்பரம் எதுவும் கொடுக்க வேண்டியதும் இல்லை. முதலில் அவர் இறந்த தேதி வரையான கணக்கை மூடி, அன்றைய சரக்கு இருப்பை இரண்டு தரப்பும் எண்ணிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அந்த அம்மாவுக்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போய் எண்ணினேன். புடவை மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு.